அவசரம்: ஆம்ப் மாட்டியதிலிருந்து பாட்டு தகர டப்பா மாதிரி கேட்கிறது

கேத்தி_தம்பி:
போன வாரம் கோயம்புத்தூரில் காருக்கு ஆம்ப்பும் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) டிக்கியில் பேஸுக்கென்று சப்வூஃபரும் மாட்டினேன். குன்னூர் மலை ஏறும்போது வால்யூம் கூட்டினால் டோர் ஸ்பீக்கர் படபடவென அடித்தது. வீடியோ பார்த்து, எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கிற கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். படபடப்பு போய்விட்டது, ஆனால் பாடுகிறவர் போனில் பேசுகிற மாதிரி இருக்கிறது. டிக்கியில் மட்டும் தும் தும். நாளைக் காலை அக்கா குடும்பத்தோடு மைசூர் போகணும். சீக்கிரம் சொல்லுங்க.

மலைரயில்:
எந்த 80? கீழ் ஒலியைத் தடுக்கிற ஹெச்பிஎஃப்பா, மேல் ஒலியைத் தடுக்கிற எல்பிஎஃப்பா? ஆம்ப் எத்தனை சேனல்? சப் எத்தனை ஓம் (மின்தடை)? பாட்டு செட் வண்டியோடு வந்த கம்பெனி செட்டா?

படுகு_பையன்:
மலை மேலே காற்று லேசுங்க. அதனால்தான் பேஸ் குறையும். என் வண்டியிலும் சமவெளியில் இறங்கினால் சத்தம் கனமாகிவிடும்.

ஒயர்_வாத்தியார்:
இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுவது? பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள். கெயின் என்பது வால்யூம் அல்ல, செட்டின் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துகிற குமிழ். கெயினை முழுக்கத் திருப்பியிருப்பீர்கள். 4 ஓம், 50 வாட் என்றால் மல்டிமீட்டரில் 14.1 வோல்ட் ஏசி வரை வைக்க வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் ஆம்ப் மாட்டக் கூடாது.

மலைரயில்:
கெயின் ஏறினால் சத்தம் கிழியும், வாத்தியாரே. குரல் மெலியாது. @படுகு_பையன், காற்றுதான் காரணம் என்றால் டிக்கியில் இருக்கிற சப்பும் சேர்ந்துதானே குறையணும்? அது தும் தும் என்கிறதே.

கேத்தி_தம்பி:
நாலு சேனல். முன்னாடி ரெண்டு டோருக்கு, பின்னாடி ரெண்டும் சேர்த்து சப்புக்கு. கம்பெனி செட்தான்.

தேயிலைத்தூள்:
ஒரு டோரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். பேலன்ஸை ஒரே பக்கம் முழுக்கத் தள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும்போது குரல் தடித்தால் அதுதான் கோளாறு.

ஹேர்பின்36:
மைசூருக்கு கல்லட்டி வழியா, கூடலூர் வழியா? எதுவானாலும் முதுமலைக்குள் அந்த தும் தும்மை அணைத்துவிடுங்கள். ரோட்டோரம் யானை நிற்கும்.

ஒயர்_வாத்தியார்:
கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே என்ன கேட்கும்?

ஹேர்பின்36:
பேஸ்தான் வெளியே கேட்கும், வாத்தியாரே. நீங்கள் படிக்காத பழைய இழை போலிருக்கிறது.

படுகு_பையன்:
பந்திப்பூரில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை வண்டி விட மாட்டார்கள். ரொம்ப சீக்கிரம் கிளம்பி கேட்டில் நிற்காதீர்கள்.

மலைரயில்:
தம்பி, பாட்டுக்கு வருவோம். டோர் பக்கத்து ஹெச்பிஎஃப் குமிழ் அருகே ×10 என்று சின்னப் பட்டன் இருக்கிறதா? அது அழுந்தியிருந்தால் உங்கள் 80 உண்மையில் 800. பல ஆம்ப்களில் ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் சரிவு. அப்படியானால் 400 ஹெர்ட்ஸில் 12, 200இல் 24 டெசிபல் போய்விடும். சப்போ 80க்கு மேலே இறங்கிவிடும். நடுவே பெரிய பள்ளம், குரலின் கனமெல்லாம் அதற்குள்தான். ஸ்விட்சை ஃபுல்லில் இருந்து ஹெச்பிஎஃப்புக்குத் தள்ளும்போது விரல் பட்டிருக்கும். பட்டனை வெளியே எடுத்துவிட்டு, டோருக்கு ஹெச்பிஎஃப் 80, சப்புக்கு எல்பிஎஃப் 80 வையுங்கள். படபடப்பு திரும்பினால் டோரை 100க்கு ஏற்றிப் பாருங்கள்.

ஒயர்_வாத்தியார்:
எல்லா ஆம்ப்பிலும் அந்தப் பட்டன் கிடையாது.

மலைரயில்:
இருக்கிறதா என்றுதானே கேட்டேன்.

கேத்தி_தம்பி:
பட்டன்தான். குரல் வந்துவிட்டது. அக்கா கிளம்பச் சொல்கிறார், நன்றி அண்ணா.

மலைரயில்:
சந்தோஷம். அந்த சப் எத்தனை ஓம் என்று இன்னும் சொல்லவில்லையே? ரெண்டு சேனலைச் சேர்த்து 2 ஓம் கொடுத்திருந்தால் மலை ஏறி முடிப்பதற்குள் ஆம்ப் சுட்டு அணைந்துவிடும். தம்பி?