ரேஷன் கார்டில் பெயர் ஏறும்வரை: குழந்தைகளுக்கான காப்பீடு, நம் அனுபவங்கள்

என் தங்கை மகள், கிரைண்டர் ஓடும்போதெல்லாம் அதன் மேல் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள். மாவு வழிக்கும்வரை நகரமாட்டாள். நாங்களும் விளையாட்டு என்றே நினைத்தோம். அந்த அதிர்வுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே சத்தம் என்று அவளுடைய இரண்டே முக்கால் வயதில்தான் புரிந்தது.

அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுதான் முதலில் கண்டுபிடித்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்கும் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வருகிறார்கள். அங்கிருந்து டிஇஐசி என்ற, குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையம், பிறகு சத்தத்துக்கு மூளை எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்கும் பேரா டெஸ்ட். இரண்டு காதுமே கேட்காது என்றார்கள். காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உள்காதில் ஆபரேஷன் செய்து பொருத்தும் கேட்கும் கருவி, வைத்தால் பேச்சு வரும், முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்யலாம், ஆனால் ஆறு வயதுக்குள் செய்ய வேண்டும், சீக்கிரம் செய்யச் செய்ய நல்லது என்றும் சொன்னார்கள். வெளியில் பல லட்சம் ஆகும் சிகிச்சை. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கை, "அக்கா, காசு பிரச்சினை இல்லைன்னு சொல்றாங்க, கேட்டியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

காசு பிரச்சினை இல்லைதான், காப்பீட்டு அட்டை இருந்தால். அந்த அட்டைக்கு ரேஷன் கார்டு வேண்டும், வருமானச் சான்று வேண்டும். தங்கையும் மாப்பிள்ளையும் கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் தனி ரேஷன் கார்டு வாங்கவில்லை. தங்கை பெயர் எங்கள் அப்பா கார்டில், மாப்பிள்ளை பெயர் அவர் அப்பா கார்டில், குழந்தை பெயர் எதிலும் இல்லை. இரண்டு இடத்திலும் பெயர் நீக்கி, புதுக் கார்டுக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வரவே நாலு மாதம் ஓடிவிட்டது.

அடுத்தது வருமானச் சான்று. மாப்பிள்ளைக்கு டைல்ஸ் வேலை. நாளுக்கு 800 ரூபாய் கூலி, மாதம் பன்னிரண்டு நாள் வேலை கிடைத்தால் அதிகம். விசாரணைக்கு வந்தவர், "டைல்ஸ் வேலைன்னா நல்ல சம்பளமாச்சேம்மா" என்று 25 நாளுக்குக் கணக்குப் போட்டார். வருடத்துக்கு 2,40,000 வந்துவிட்டது. உச்சவரம்பு 1,20,000. 2022 ஜனவரிக்கு முன்பு அதுவே 72,000தான் என்பதால் உயர்த்தியது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனாலும் கணக்குப் பாருங்கள்: 500 ரூபாய் கூலிக்கு மாதம் இருபது நாள் போனாலே வரம்பைத் தொட்டாகிவிட்டது. இரண்டு முறை நடந்து, மேஸ்திரியைக் கூட்டிப்போய்ச் சொல்ல வைத்த பிறகுதான் சரியான தொகைக்குச் சான்று கிடைத்தது. கலெக்டர் அலுவலகத்தில் போட்டோ எடுத்து அட்டை போட்டது மட்டும் ஒரே காலையில் முடிந்தது.

ஆக மொத்தம் ஏழு மாதம். மூளை பேச்சைக் கற்றுக்கொள்ளும் வயதில் ஒரு குழந்தைக்கு ஏழு மாதம் என்பது எவ்வளவு என்று டாக்டர்களைக் கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை தருகிற திட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அதனால்தான் இன்று இதை எழுதவே முடிகிறது. குழந்தையை அதன் பிறப்புச் சான்றிதழை வைத்தே சேர்த்துவிடுங்கள், அப்பா அம்மாவின் காகிதங்களைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு என்ன ஆனது என்று அப்புறம் சொல்கிறேன்.

*

பதில் – அரசுப் பள்ளி ஆசிரியை

என் வகுப்பில் ஒரு பெண், ஒன்பது வயது. விளையாட்டு பீரியடில் இரண்டு சுற்று ஓடினால் உதடு நீலம் பாரித்துவிடும். பள்ளிப் பரிசோதனையில் இதயத்தில் ஓட்டை என்று தெரிந்தது. அம்மா இறந்துவிட்டார், அப்பா வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டார். வளர்ப்பது பாட்டி. பாட்டியிடம் காப்பீட்டு அட்டை இருந்தது. அட்டைதாரர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர், இவ்வளவுதான் அதில் குடும்பம். பேத்திக்கு இடமில்லை. பாட்டி, "நான்தானே டீச்சர் வளர்க்கிறேன், இவ என் குடும்பம் இல்லையா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

இல்லத்தில் வளரும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இதே திட்டத்தில் வழி உண்டு. வீட்டில் பாட்டியிடம் வளரும் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம், மூன்றாவது திங்களில் வழி பிறந்தது. சிகிச்சை முடிந்து இப்போது பள்ளிக்கு வருகிறாள். எங்கள் தெருவிலேயே இப்படிப் பாட்டி வீட்டுப் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்.

*

பதில் – ஆட்டோ ஓட்டுபவர்

என் பையனுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய், ஏழு வயது. அட்டை இருக்கிறது. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அட்டை காப்பாற்றியது. இன்சுலின் அரசு மருத்துவமனையில் வாங்குகிறோம். ஆனால் தினம் நாலு தடவை விரலைக் குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப் எங்கள் கைக்காசுதான். மாதக் கடைசியில் இரண்டு தடவையாகக் குறைத்துவிடுகிறோம், அது தப்பு என்று தெரிந்தேதான். படுக்கையில் சேர்த்தால் பணம் தரும் திட்டம், சேராமல் பார்த்துக்கொள்வதற்கும் தரக்கூடாதா என்று கேட்க வேண்டும்.

*

பதில் – முதலில் எழுதியவர்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என்னால் தூங்க முடியவில்லை. ஸ்ட்ரிப்பையும் சேர்த்தே எல்லோருமாக ஒரு மனு எழுதுவோம். டீச்சர், அந்த நாலு பிள்ளைகள் விவரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பாப்பாவுக்கு மூன்றரை வயதில் ஆபரேஷன் ஆனது. தையல் ஆறிய பிறகு கருவியை இயக்கிய அன்று பயந்துபோய் வீறிட்டு அழுதாள். இப்போது பயிற்சிக்குப் போகிறாள். சத்தம் கேட்டால் கையில் இருக்கும் மரக்கட்டையை வாளியில் போட வேண்டும், அதுதான் பாடம். முதல் மூன்று வாரம் கட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது வாரம் டீச்சர் பின்னால் போய் நின்று, வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு மெதுவாக "பா" என்றார். பாப்பா கட்டையை வாளியில் போட்டாள். விழுந்த சத்தத்துக்கு அவளே திரும்பி வாளியைப் பார்த்தாள்.