எக்செலில் நகல் நீக்கியதும் ஒரே ஒரு முகாமின் குடும்பங்கள் காணாமல் போயின: உதவி தேவை

மழைக்கு முன் | திங்கள், இரவு 10.40

வணக்கம். வங்கதேசத்தின் காக்ஸ்பஜாரில், ரோஹிங்யா முகாம்களில் தங்குமிடப் பணி செய்யும் சிறு தொண்டு நிறுவனம் ஒன்றில் தரவுப் பொறுப்பில் இருக்கிறேன். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. படித்தது பொறியியல். அகதிப் பதிவு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கு வந்து கற்றதுதான்.

புயல் காலத்துக்கு முன் குடிசைகளை இழுத்துக் கட்டக் கயிறும் தார்ப்பாயும் கொடுக்கிறோம். 2023 மே மாதம் மோக்கா புயல் வந்து போனதிலிருந்து இந்த வேலையைத் தள்ளிப்போட யாரும் துணிவதில்லை. எங்கள் பணியாளர்கள் குடிசை குடிசையாகச் சென்று கோபோ டூல்பாக்ஸ் (களத்தில் தரவு சேகரிக்கும் செயலி) படிவத்தில் பதிந்தார்கள். முகாம் 1 மேற்கு, 2 கிழக்கு, 2 மேற்கு, 20 விரிவாக்கம் ஆகிய நான்கு இடங்களில் மொத்தம் 2,874 வரிசைகள்.

அந்தப் பதிவுகளை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை அட்டவணை) கோப்பாக இறக்கி எக்செலில் திறந்தேன். பகுதிக் குறியீடு, குடிசை எண் இரண்டையும் தேர்ந்தெடுத்து 'நகல்களை நீக்கு' கொடுத்தேன். 318 நகல்கள் போயின. சிக்னல் கிடைக்காத இடங்களில் பணியாளர்கள் ஒரே படிவத்தை இரண்டு முறை அனுப்புவது வழக்கம் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று மேலாளர் பாராட்டவும் செய்தார்.

இன்று காலை 20 விரிவாக்கத்தில் விநியோகம். கையில் அட்டையுடன் வரிசையில் நின்றவர்களில் நிறையப் பேருடைய குடிசை பட்டியலில் இல்லை. மற்ற மூன்று இடங்களிலும் கடந்த வாரம் இப்படி ஒரு புகார்கூட வரவில்லை. அந்தப் பகுதியின் மாஜி (குடியிருப்புத் தலைவரை இங்கு அப்படித்தான் அழைக்கிறார்கள்) எல்லார் முன்னாலும் என்னிடம், "எங்களை மட்டும் ஏன் வெட்டினீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு விசித்திரம்: அந்த முகாமில் பகுதி 01இல் எல்லாரும் இருக்கிறார்கள். 02 முதல்தான் ஆட்கள் குறைகிறார்கள். இவர்கள் உண்மையிலேயே இரண்டு முறை பதிந்தவர்களா? நாளை மறுநாள் மீண்டும் அங்கே போக வேண்டும். பட்டியலின் படத்தை இணைத்திருக்கிறேன்.

---

வவுனியா அக்கா | திங்கள், இரவு 10.52

தம்பி, முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். பெயர், குடும்ப எண், குடிசை எண் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இந்த மக்கள் எந்த அரசிடமிருந்து தப்பி வந்தார்களோ, அந்த அரசுக்கே அவர்களுடைய விவரங்கள் போன கதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வங்கதேச அரசு 8 லட்சத்து 30 ஆயிரம் பெயர்களையாவது மியன்மாருக்குக் கொடுத்தது என்றும், அகதிகளிடம் அதற்கு முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்றும் 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு குற்றஞ்சாட்டியது. ஒப்புதல் கேட்டே பகிர்ந்ததாக, அரசோடு சேர்ந்து பதிவெடுத்த ஐ.நா. அகதிகள் முகமை பதில் சொன்னது. யார் சொன்னது சரி என்று இங்கே வழக்காட நான் வரவில்லை. ஒரு பட்டியல் உங்கள் கையைவிட்டுப் போனபின் அது எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாது.

2009இல் வவுனியாவின் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பதிவேட்டு வேலை செய்தவள் நான். அதனால்தான் இந்தப் பதற்றம்.

---

மழைக்கு முன் | திங்கள், இரவு 10.58

நீக்கிவிட்டேன் அக்கா. மன்னியுங்கள். யோசிக்கவே இல்லை.

---

நேர்க்கோடு | திங்கள், இரவு 11.20

இதில் என்ன மர்மம்? இலவசமாகப் பொருள் கொடுத்தால் இரண்டு முறை பதிவார்கள். எந்த நாட்டு முகாமிலும் இதுதான் நடக்கிறது. எக்செல் நகல் என்றால் நகல்தான். மாஜி சத்தம் போடுகிறார் என்பதற்காகப் பட்டியலை மாற்றாதீர்கள்.

---

நைல்கரை | செவ்வாய், காலை 6.15

நேர்க்கோடு அவர்களே, நான் உகாண்டாவில் இருந்தவன். 2018இல் அங்கே அகதிகள் அனைவரையும் கைரேகை, கருவிழி வைத்து மறுபடி சரிபார்த்தபோது 14 லட்சம் என்றிருந்த கணக்கு 11 லட்சம் அளவுக்கு இறங்கியது. இறங்கியது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னது விரலும் கண்ணும். எக்செல் பொத்தான் அல்ல. குறைந்தவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்களும் அல்ல. ஊர் திரும்பியவர், இறந்தவர், வேறு இடத்துக்குப் போனவர், சரிபார்ப்புக்கு வர முடியாதவர் என எல்லாரும் அதில் உண்டு.

இங்கே இன்னொன்றையும் பாருங்கள். தம்பி ஒப்பிட்டது ஆட்களை அல்ல, குடிசைகளை. குடிசை எண்ணைப் போட்டவர்கள் அவருடைய பணியாளர்களே. பகுதி 01இல் எல்லாரும் யோக்கியர், 02 முதல் எல்லாரும் திருடர் என்று மனிதர்கள் பகுதிவாரியாகப் பிரிந்து நிற்பார்களா? இது கோப்பில் இருக்கும் கோளாறு.

---

எண்ணும் எழுத்தும் | செவ்வாய், காலை 7.05

நைல்கரை சொல்வது சரி. 'மழைக்கு முன்' அவர்களே, உங்கள் பகுதிக் குறியீடு எந்த வடிவத்தில் இருக்கிறது? அந்தக் கட்டம் ஒன்றைச் சொடுக்கி, மேலே வாய்ப்பாட்டுப் பட்டையில் என்ன தெரிகிறது என்று பார்த்து எழுதுங்கள். பெயரோ குடும்ப எண்ணோ வேண்டாம். குறியீடு மட்டும் போதும்.

---

மழைக்கு முன் | செவ்வாய், காலை 7.31

முகாம் பெயரும் பகுதி எண்ணும் சேர்ந்தது குறியீடு. முகாம் 2 கிழக்கு, பகுதி 02 என்றால் 2இ-02. கோப்பில் இருப்பது ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்து. இங்கே 'இ' என்று எழுதுகிறேன். 2 மேற்கு என்றால் 2டபிள்யூ-02. 20 விரிவாக்கத்துக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அதே 'இ' என்பதால் 20இ-03 என்று வைத்தோம்.

நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மேற்கு முகாம்கள் எழுதியபடியே இருக்கின்றன. கிழக்கில் கட்டத்துக்குள் 2.00இ-02 என்று தெரிகிறது. எக்செல் ஏதோ அழகுபடுத்திக் காட்டுகிறது என்று விட்டுவிட்டேன். பட்டையிலும் அது நாங்கள் எழுதியபடி இல்லை. வெறும் தசம எண் நிற்கிறது.

---

எண்ணும் எழுத்தும் | செவ்வாய், காலை 7.48

அங்கேதான் இருக்கிறார்கள் உங்கள் குடும்பங்கள்.

இரண்டு எண்களுக்கு நடுவில் அந்த எழுத்து வந்தால் எக்செல் அதை முகாம் என்று படிக்காது, பத்தின் அடுக்கு என்று படிக்கும். 2இ-02 என்றால் அதற்கு 2 பெருக்கல் பத்தின் கழித்தல் இரண்டாம் அடுக்கு. அதாவது 0.02.

இப்போது 20இ-03ஐ எடுங்கள். 20ஐ ஆயிரத்தால் வகுத்தால் என்ன? அதுவும் 0.02. எக்செலைப் பொறுத்தவரை முகாம் 2 கிழக்கின் பகுதி 02உம், முகாம் 20 விரிவாக்கத்தின் பகுதி 03உம் ஒரே இடம். அதேபோல 20இ-02உம் 2இ-01உம் ஒன்று. 20இ-04உம் 2இ-03உம் ஒன்று. ஒவ்வொரு பகுதியிலும் குடிசை எண் 1 முதல் தொடங்குவதால், குறியீடும் எண்ணும் ஒத்துப்போகின்றன. நகல் நீக்கும்போது முதலில் வந்ததை வைத்துக்கொண்டு அடுத்து வந்ததை எக்செல் நீக்கும். கோப்பில் 2 கிழக்கு மேலே, 20 கீழே இருந்திருக்க வேண்டும்.

பகுதி 01 ஏன் தப்பியது? 20இ-01 என்றால் 2. அதோடு மோத 2இ-00 என்று ஒரு பகுதி உங்களிடம் இல்லை. 02 முதல் சிலர் மட்டும் மிஞ்சியதற்கும் இதுவே காரணம்: 2 கிழக்கின் அந்தப் பகுதியில் 70 குடிசை, 20இல் 85 என்றால் கடைசி 15 பேர் தப்புவார்கள். மேற்கு முகாம்களின் எழுத்து எண்ணாக மாறாது. அதனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

---

நைல்கரை | செவ்வாய், காலை 8.02

அடடா. ஒரு முகாமின் பெயரே அதன் ஆட்களை விழுங்கியிருக்கிறது.

---

மழைக்கு முன் | செவ்வாய், காலை 8.20

கை நடுங்குகிறது. நீங்கள் சொன்ன மூன்று இணைகளையும் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. அந்த நெடுவரிசையை 'உரை' என்று மாற்றினால் பழையபடி வருமா?

---

எண்ணும் எழுத்தும் | செவ்வாய், காலை 8.34

வராது. எண்ணாக மாறிய பிறகு 'உரை' என்று மாற்றினால் 0.02 என்ற எண் உரையாகும். அது எந்த முகாம் என்பது எக்செலுக்கு எப்போதோ மறந்துவிட்டது. அந்தக் கோப்பைத் தூர வைத்துவிட்டு கோபோ சர்வரிலிருந்து புதிதாக இறக்குங்கள். அங்கே உங்கள் குறியீடு அப்படியே இருக்கும்.

இந்த முறை கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். காலி எக்செலைத் திறந்து, தரவு பட்டியில் உள்ள சிஎஸ்வி இறக்குமதி வழியாகக் கொண்டுவாருங்கள். தரவு வகையைத் தானே கண்டறியும் வசதி ஒன்று அங்கே உண்டு. இயல்பாக முதல் 200 வரிசையைப் பார்த்து முடிவெடுக்கும். அதை 'கண்டறிய வேண்டாம்' என்று வையுங்கள். புதிய எக்செல் பதிப்புகளில் இந்த எழுத்தை அடுக்காக மாற்றுவதையே நிறுத்தும் அமைப்பும் இருக்கிறது. ஆனால் அது உங்கள் கணினிக்கு மட்டும்தான். கோப்பு நாளை இன்னொருவர் கணினியில் திறக்கப்படும்போது பழைய கதைதான். ஆகவே குறியீட்டையே மாற்றுவது நல்லது. எழுத்தை முன்னால் போடுங்கள், 20 விரிவாக்கத்துக்கு வேறு எழுத்தைக் கொடுங்கள்.

வெட்கப்பட வேண்டாம். மரபணு ஆய்வாளர்களே இதில் பட்டிருக்கிறார்கள். சில மரபணுக்களின் பெயரை எக்செல் மார்ச், செப்டம்பர் என்று தேதியாக்கிக்கொண்டே இருந்ததால் 2020இல் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது.

---

நேர்க்கோடு | செவ்வாய், காலை 9.10

என் கணிப்பு தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உண்மையான நகலும் அதில் இருக்குமே? பெயரும் பிறந்த தேதியும் வைத்து ஒப்பிட்டால் பிடித்துவிடலாம் அல்லவா?

---

வவுனியா அக்கா | செவ்வாய், காலை 9.40

அதைச் செய்தால் இன்னொரு முந்நூறு பேரை இழப்பீர்கள். ரோஹிங்யாக்களிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. பெண்களில் பேகம், காத்தூன் என்று முடியும் பெயர்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆண்டை மட்டும் கேட்டு ஜனவரி 1 என்று போட்டுவிடுவது எல்லா இடத்திலும் நடக்கும் வேலை. பாதி முகாம் ஒரே நாளில் பிறந்தது போல இருக்கும். மறுபக்கம், ஒரே ஆளை ஒருவர் முகமது என்று முழுதாக எழுதுவார், இன்னொருவர் இரண்டெழுத்தில் சுருக்குவார். அப்போது இருக்கும் நகலும் தெரியாது.

அட்டையில் உள்ள குடும்ப எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். 2018 ஜூனில் வங்கதேச அரசும் ஐ.நா. முகமையும் சேர்ந்து தொடங்கிய பதிவில் கைரேகையும் கருவிழியும் எடுத்து, 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆள் அந்த ஆளா என்று தீர்மானிக்கும் வேலை அங்கே ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதை நீங்கள் எக்செலில் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன் தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். கயிறும் தார்ப்பாயும் கொடுக்க உங்களுக்குப் பெயர் எதற்கு? பிறந்த தேதி எதற்கு? குடும்ப எண், பகுதி, குடிசை எண், வாங்கியாயிற்றா இல்லையா என்ற நான்கும் போதாதா? 2022 ஜனவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவிடமிருந்தே 5 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் திருட்டுப் போயின. அவர்களுக்கே அந்தக் கதி. உங்கள் மடிக்கணினி எம்மாத்திரம்?

நாளைக்கு ஒரு யோசனை. போன உடனே தனியாக ஒரு முறைப்பாட்டு மேசை போடுங்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களை மறுபடி பதிய வைக்காதீர்கள், மறுபடி வரிசையின் வாலில் நிறுத்தாதீர்கள். புதிய பட்டியலில் குடும்ப எண் இருக்கிறதா என்று பார்த்து முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். மாஜியிடம் இன்றே போய்த் தவறு உங்களுடையது என்று சொல்லுங்கள். கணினிக் கோளாறு என்று சொல்லாதீர்கள். அதை யாரும் நம்புவதில்லை, நம்பவும் தேவையில்லை.

---

மழைக்கு முன் | புதன், இரவு 9.15

முடிந்தது. புதிதாக இறக்கியதில் 2,874 வரிசையும் சரியாக இருந்தன. குடும்ப எண்ணை வைத்து ஒப்பிட்டபோது உண்மையான நகல் 27 மட்டுமே. எல்லாம் எங்கள் பணியாளர்கள் இரண்டு முறை அனுப்பியவை. அனுப்பிய நேரம் பார்த்து ஒவ்வொன்றாக உறுதிசெய்தேன். மீதி 291 குடும்பங்களை நான் வெட்டியிருக்கிறேன்.

செவ்வாய் மாலை மாஜியைப் பார்த்தேன். அடுக்கு, தசமம் எதையும் விளக்கவில்லை. "உங்கள் முகாமின் பெயரை நான் தவறாக எழுதினேன், அதனால் இன்னொரு முகாமோடு கலந்துவிட்டது" என்றேன். தேநீர் கொடுத்தார். இன்று விநியோகத்தின்போது மேசைக்குப் பக்கத்தில் அவரே நின்று ஆட்களை அழைத்துவந்தார்.

பெயர், பிறந்த தேதி நெடுவரிசைகளை அடுத்த படிவத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். "இருக்கட்டுமே, பிறகு உதவும்" என்கிறார். அந்தச் சண்டை பாக்கி.

ஒரே ஒரு வரிசையில் இன்னும் தடுமாறுகிறேன். ஒரே குடும்ப எண், இரண்டு வெவ்வேறு குடிசை. நேரில் போய்ப் பார்த்தேன். மகனுக்குத் திருமணமாகித் தனியாகக் குடிசை போட்டிருக்கிறார். பதிவில் இன்னும் தந்தையின் குடும்பத்திலேயே இருக்கிறார். ஒன்றை நீக்கலாமா?

---

வவுனியா அக்கா | புதன், இரவு 9.32

நீக்க வேண்டாம். குடும்பத்தைப் பிரிக்கும் அதிகாரம் உங்கள் கோப்புக்கு இல்லை, பதிவு மையத்துக்குத்தான் இருக்கிறது. அவர்களை அங்கே போகச் சொல்லுங்கள். கயிறு குடிசைக்குத்தானே? இரண்டு குடிசைக்கும் கொடுங்கள். ஏன் கொடுத்தீர்கள் என்று குறிப்பில் ஒரு வரி எழுதி வையுங்கள்.