கப்பலில் வீட்டுச் சாமான்: கஸ்டம்ஸ் லிஸ்டுக்கு ஒரு விலை, இன்சூரன்ஸுக்கு ஒரு விலை எழுதலாமா?

மூட்டைமுடிச்சு:
வணக்கம். வேலை மாற்றல் ஆகி குடும்பத்தோட வெளிநாடு போறோம். தனி கன்டெய்னர் நிறைய அளவுக்குச் சாமான் இல்லை. அதனால மத்தவங்க சரக்கோட சேர்த்து ஏத்துற எல்சிஎல் முறையில அனுப்பறோம். கட்டில், மரப் பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, பாத்திரம், புத்தகம், பசங்க சைக்கிள், அதோட இன்னும் பெட்டி பிரிக்காத ஒரு லேப்டாப்.

மூவர்ஸ்காரங்க ரெண்டு ஃபாரம் கொடுத்திருக்காங்க. கஸ்டம்ஸுக்கான பேக்கிங் லிஸ்ட்ல "விலையைக் குறைச்சுப் போடுங்க, டியூட்டி வராது"ன்னாங்க. இன்சூரன்ஸ் ஃபாரம்ல "கூட்டிப் போடுங்க, ஏதாவது ஆச்சுன்னா முழுசா கிடைக்கும்"ன்னாங்க. ஒரே பீரோவுக்கு ரெண்டு விலை எழுதி ரெண்டுலயும் கையெழுத்துப் போடணுமாம். மனசு ஒப்பல. நாங்க வாங்கிப் பயன்படுத்தின பழைய சாமானுக்கு டியூட்டி எதுக்குன்னும் புரியல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரைக்காத்து:
ரெண்டுலயும் குறைச்சே போடுங்க பாஸ். பிரீமியமும் மிச்சம். கப்பல் தினமுமா கவுறுது?

துறைமுகத்தார்:
மூட்டைமுடிச்சு, மேலே சொன்னதைச் செய்யாதீங்க. நான் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலையில இருக்கேன்.

முதல்ல டியூட்டி. குடிபெயர்ந்து வர்றவங்களோட பழைய சாமானுக்குப் பெரும்பாலான நாடுகள் வரிவிலக்கு தருது. அது தானா வராது, நிபந்தனைக்கு உட்பட்டது. உதாரணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோட 1186/2009 விதிமுறையை எடுத்துக்கங்க. நீங்க தொடர்ந்து 12 மாசமாவது ஒன்றியத்துக்கு வெளியே குடியிருந்திருக்கணும். சாமான் குறைஞ்சது 6 மாசம் உங்க கையில இருந்து பயன்பட்டிருக்கணும். குடியேறின 12 மாசத்துக்குள்ள இறக்குமதி பண்ணணும். அதுக்கப்புறம் 12 மாசத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மதுவும் புகையிலையும் விலக்குல சேராது. அமெரிக்காவுல வீட்டுச் சாமான்னா ஒரு வருஷம் பயன்படுத்தியிருக்கணும், ஃபாரம் 3299 நிரப்பணும். எண்கள் நாட்டுக்கு நாடு மாறும், நீங்க போற நாட்டு கஸ்டம்ஸ் தளத்துல பாருங்க. ஆனா கேக்குற கேள்வி எங்கயும் ஏறக்குறைய ஒண்ணுதான்: பழசா, உன்னோடதா, உன் சொந்தப் பயன்பாட்டுக்கா?

அந்தப் பிரிக்காத லேப்டாப் இந்தக் கேள்வியிலேயே மாட்டும். அதைப் பில்லோட கையில எடுத்துட்டுப் போய் பயணியா டிக்ளேர் பண்ணுங்க. கன்டெய்னர்ல போட்டா ஒரு புதுப் பெட்டியைப் பார்த்த ஆபீசருக்கு மீதிப் பெட்டி மேலயும் சந்தேகம் வரும்.

இப்ப உங்க கேள்வி. ரெண்டு விலை இருக்கறது தப்பே இல்லை. ஏன்னா ரெண்டு ஃபாரமும் கேக்கறது ரெண்டு வேற விஷயம். கஸ்டம்ஸ் கேக்கறது, இந்தப் பழைய பீரோ இன்னிக்கு இருக்கிற நிலையில என்ன பெறும்னு. இன்சூரன்ஸ் கேக்கறது, அது உடைஞ்சா போய்ச் சேர்ற ஊர்ல அதே மாதிரி ஒண்ணு வாங்க என்ன ஆகும்னு. முதல் விலை சின்னதாவும் ரெண்டாவது பெருசாவும் இருக்கறது இயல்பு. பொய் விலை போட்டாத்தான் தப்பு. அதனால கஸ்டம்ஸ் லிஸ்ட் தலைப்புல "பயன்படுத்திய நிலையில் தற்போதைய மதிப்பு"ன்னும், இன்சூரன்ஸ் பட்டியல்ல "சேருமிடத்தில் மாற்று வாங்கும் மதிப்பு"ன்னும் எழுதிடுங்க. பொருளோட பேர், எண்ணிக்கை, பெட்டி நம்பர் மூணும் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணுல 42 பெட்டி இன்னொண்ணுல 40 பெட்டின்னா நானே கேள்வி கேப்பேன், ஆபீசர் கேக்க மாட்டாரா?

விலக்கு கிடைக்காத பொருளுக்கு டியூட்டி எது மேல போடுவாங்கன்னும் தெரிஞ்சுக்கங்க. பல நாடுகள்ல பொருள் விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூணையும் கூட்டின சிஐஎஃப் மதிப்பு மேல போடுவாங்க. அமெரிக்கா, ஆஸ்திரேலியா மாதிரி சில நாடுகள்ல கப்பல் கூலியைச் சேர்க்க மாட்டாங்க.

மூட்டைமுடிச்சு:
ரொம்ப நன்றி சார். மூவர்ஸ் கொட்டேஷன்ல "டியூட்டி ஃப்ரீ"ன்னு போட்டிருக்கு. அப்ப அங்க போனதும் கையில இருந்து எதுவும் கட்ட வேண்டியதில்லையா?

துறைமுகத்தார்:
கட்ட வேண்டியிருக்கும். வரிதான் இல்லை. துறைமுகக் கையாளும் கட்டணம், எல்சிஎல் சரக்கைப் பிரிக்கிற கிடங்குக் கட்டணம், ஏஜென்ட் கூலி எல்லாம் தனி. கஸ்டம்ஸ் பெட்டியைத் திறந்து பார்க்கணும்னா அதுக்கான செலவும் உங்க தலையில. இலவச நாள் தாண்டினா கிடங்கு வாடகை ஓட ஆரம்பிக்கும். வரியை விட இதுதான் ஆளைக் கடிக்கும். கொட்டேஷன்ல சேருமிடச் செலவுல எது சேரும், எது சேராதுன்னு எழுத்துல வாங்குங்க. "எல்லாம் சேர்த்துத்தான் சார்"னு போன்ல சொல்றதை நம்பாதீங்க.

சைக்கிள் டயர்ல மண் இல்லாம கழுவுங்க. மண்ணோ விதையோ ஒட்டியிருந்தா சில நாடுகள்ல க்வாரன்டைன்ல நிறுத்திச் சுத்தம் பண்ணச் சொல்லி அதுக்கும் பில் போடுவாங்க. பீரோவுக்கு மரக் கிரேட் அடிச்சா ஐஎஸ்பிஎம் 15 (பேக்கிங் மரத்து வழியாப் பூச்சி பரவாம இருக்க வச்ச சர்வதேச விதி) முத்திரை இருக்கிற மரமான்னு பாருங்க. கோதுமைக் கதிர் மாதிரி படம் போட்ட முத்திரை, பக்கத்துல வெப்பத்துல பதப்படுத்தினதுக்கு எச்டின்னு இருக்கும்.

கிளெய்ம் மேசை:
இன்சூரன்ஸ் பக்கம் நான் சொல்றேன். சரக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கறதுதான் என் வேலை.

கரைக்காத்து சொன்ன மாதிரி குறைச்சுப் போட்டா என்ன ஆகும்? மொத்தச் சாமானோட உண்மையான மதிப்பு 100, நீங்க 50க்குத்தான் எடுத்திருக்கீங்கன்னு வைங்க. 20க்குச் சேதம். 20 கிடைக்கும்னு நினைப்பீங்க. பெரும்பாலான வீட்டுச்சாமான் பாலிசியில ஆவரேஜ் விதி இருக்கும், பாதிக்குத்தான் எடுத்தீங்கன்னா பாதிதான் தருவாங்க. கையில 10. அதுலயும் டிடக்டிபிள், அதாவது நீங்களே ஏத்துக்க வேண்டிய தொகை, கழியும். கூட்டிப் போட்டாலும் லாபம் இல்லை. உண்மையான நஷ்டத்துக்கு மேல யாரும் தரப் போறதில்லை, பிரீமியம்தான் வீண்.

அடுத்து, என்ன பாலிசின்னு கேளுங்க. உலகம் முழுக்கப் பரவலா இருக்கிறது இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ்ங்கிற பாலிசி நிபந்தனைத் தொகுப்பு, ஏ, பி, சி-ன்னு மூணு. ஏ தான் அகலமானது, விலக்குல எழுதாத எல்லா ஆபத்தும் அடங்கும். சி மலிவு. தீ, கப்பல் மூழ்கறது, தரைதட்டறது, மோதறது மாதிரி பெரிய விபத்துக்குத்தான். பெட்டி கீழே விழுந்து டிவி உடைஞ்சாலோ, வழியில திருட்டுப் போனாலோ சி-யில ஒண்ணும் வராது. வீட்டுச் சாமான்ல பெரும்பாலும் நடக்கறதே உடைசலும் காணாமப் போறதும்தான். அதுக்குச் சி எடுத்தா எடுக்காத மாதிரிதான். ஏ-யிலயும் பேக்கிங் சரியில்லாததால வந்த சேதம், தாமதத்தால வந்த நஷ்டம் கிடையாது. போர், வேலைநிறுத்தம் தனியாச் சேர்க்கணும். வெளியில அடிபட்ட அடையாளமே இல்லாம ஃபிரிட்ஜ் ஓடலைன்னா அதையும் பல பாலிசி விலக்கும். சேர்க்க முடியுமான்னு கேளுங்க.

பேக்கிங் யார் பண்றாங்க?

மூட்டைமுடிச்சு:
பாத்திரமும் புத்தகமும் நாங்களே கட்டி ஒட்டிட்டோம் மேடம். பெரிய சாமான் அவங்க. இன்சூரன்ஸ் வேணாம், எங்க கம்பெனி பொறுப்பே கொட்டேஷன்ல அடக்கம்னும் சொல்றாங்க.

கிளெய்ம் மேசை:
ரெண்டுமே கவனிக்கணும்.

நீங்க கட்டின பெட்டிக்கு லிஸ்ட்ல பிபிஓன்னு குறிப்பாங்க, உரிமையாளரே கட்டினதுன்னு. உள்ளே இருந்தது உடைஞ்சா பெரும்பாலும் கிளெய்ம் நிக்காது. முழுப் பெட்டியே காணோம்னாதான் பேசலாம், அதுக்கும் உள்ளே என்ன இருந்துச்சுன்னு பட்டியல் வேணும். பீங்கான், கண்ணாடிப் பெட்டியை மட்டுமாவது பிரிச்சு அவங்களையே கட்டச் சொல்லுங்க. புத்தகம் அப்படியே இருக்கட்டும்.

சாமான் ஏத்தற அன்னிக்கு அவங்க ஆள் ஒரு லிஸ்ட் எழுதுவார். ஒவ்வொரு சாமான் பக்கத்துலயும் சின்னச் சின்ன எழுத்து இருக்கும். எஸ்சின்னா கீறல், சிஎச்னா விளிம்பு பேந்திருக்கு, பிஆர்னா உடைசல், ஆர்யூன்னா துரு. அவசரத்துல எல்லாத்துக்கும் எஸ்சி, சிஎச் போட்டுத் தள்ளுவாங்க. அதுல கையெழுத்துப் போட்டா நாளைக்குப் பீரோவுல வர்ற கீறல் ஏற்கெனவே இருந்ததுதான்னு ஆயிடும். கூடவே நின்னு பாருங்க. ஒத்துக்க முடியலைன்னா அந்த வரிக்குப் பக்கத்துலயே உங்க மறுப்பை எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க. எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைங்க, டிவி ஓடுற வீடியோவும்.

கம்பெனி பொறுப்பு பாலிசிக்கு ஈடு இல்லை. கப்பல் நிறுவனத்தோட பொறுப்புக்கே ஹேக்-விஸ்பிங்கிற சர்வதேசக் கடல் சரக்கு விதியில உச்சவரம்பு இருக்கு: ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர், இல்ல கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. எஸ்டிஆர்னா சர்வதேச நாணய நிதியத்தோட (ஐஎம்எஃப்) கணக்கு அலகு. பில் ஆஃப் லேடிங்ல (சரக்கை ஏத்திக்கிட்டதுக்குக் கப்பல் நிறுவனம் தர்ற சீட்டு) பொதி எண்ணிக்கை எழுதாம விட்டா எல்லாம் சேர்ந்து ஒரே பொதின்னு கணக்காகலாம். மூவர்ஸோட பொறுப்பு அவங்க ஒப்பந்தத்துல இருக்கிறபடிதான், பெரும்பாலும் எடைக்கு இவ்வளவுன்னு இருக்கும். உங்க பேர்ல, காப்பீட்டு நிறுவனத்தோட பேர் போட்ட சான்றிதழ் கேளுங்க. தர முடியாதுன்னா வெளியில எடுங்க.

கரைக்காத்து:
கப்பல் கவுந்தாத்தானே பிரச்சினைன்னு இன்னமும் நினைக்கிறேன் :)

துறைமுகத்தார்:
கவுறாமலே பிரச்சினை வரும் தம்பி. ஜெனரல் ஆவரேஜ்னு கடல் சட்டத்துல ஒண்ணு இருக்கு. கப்பலையும் சரக்கையும் காப்பாத்த ஆன செலவையும் இழப்பையும் கப்பல்காரரும் எல்லாச் சரக்குக்காரங்களும் மதிப்புக்கு ஏத்தபடி பங்கு போட்டுக்கணும். உன் பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லைன்னாலும் பங்கு உண்டு. 2018ல மெர்ஸ்க் ஹோனம் கப்பல் அரபிக் கடல்ல தீப்பிடிச்சப்போ சரக்கு மதிப்புல 42.5 சதவீதம் மீட்புக்கும், 11.5 சதவீதம் ஜெனரல் ஆவரேஜுக்கும் உத்தரவாதமா கேட்டாங்க. பாதிக்கு மேல. அதைக் கொடுக்காம சரக்கைத் தொட முடியாது. 2021ல சூயஸ் கால்வாய்ல எவர் கிவன் கப்பல் சிக்கினப்பவும் ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சாங்க. பாலிசி இருந்தா உத்தரவாதத்தைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துடும், இல்லைன்னா ரொக்கம் நீ கட்டணும். ஏ, பி, சி மூணுலயும் இது அடங்கும். சி-க்கு இருக்கிற ஒரே பெருமை இதுதான்னு சொல்லலாம்.

மூட்டைமுடிச்சு:
ஏ எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். கண்ணாடிப் பெட்டி மூணையும் பிரிச்சு அவங்களையே கட்டச் சொல்லியாச்சு. கடைசியா ஒண்ணு: எங்க விசா தாமதமானா சாமான் முதல்ல போய்ச் சேர்ந்துடும். பரவாயில்லையா?

துறைமுகத்தார்:
முடிஞ்சவரை அப்படி விடாதீங்க. பல நாடுகள்ல உரிமையாளர் வந்து இறங்கின பிறகுதான் விலக்குக்கு மனு போட முடியும். சில இடத்துல, நீங்க முதல்ல உள்ளே நுழையும்போதே "பின்னால் வரும் சாமான்"னு லிஸ்டைக் காட்டி முத்திரை வாங்கணும். அதுவரைக்கும் கிடங்கு வாடகை ஓடும். விசா கையில வந்த பிறகு ஏத்துங்க.

கிளெய்ம் மேசை:
பாலிசியும் காத்துட்டு இருக்காது. அந்தக் கார்கோ கிளாஸஸ் நிபந்தனைப்படி, கடைசித் துறைமுகத்துல கப்பல்ல இருந்து இறக்கி முடிச்சு 60 நாள் ஆனா பாதுகாப்பு முடிஞ்சுடும், சாமான் கஸ்டம்ஸ்ல கிடந்தாலும் சரி. தாமதம் ஆகும்னு தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே எழுதி நீட்டிப்பு கேளுங்க.

டெலிவரி அன்னிக்கு "நல்ல நிலையில் பெற்றேன்"னு போட்ட சீட்டை நீட்டுவாங்க. பெட்டி நசுங்கியிருந்தா அந்தச் சீட்டுலயே எழுதுங்க. வெளியில தெரியாத சேதம்னா கப்பல் நிறுவனத்துக்கு 3 நாளைக்குள்ள எழுத்துல சொல்லணும், அதனால பெட்டிகளை அடுக்கி வச்சிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம்னு விடாதீங்க. உடைஞ்சதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, சேதத்தை மதிப்பிடுற சர்வேயர் வந்து பார்க்கற வரைக்கும் அட்டையும் தெர்மோகோலும்கூட அப்படியே இருக்கட்டும்.