புதுப்பிப்பு: தரம் 4 பிள்ளைகளுக்கு ஆங்கில வினையடை

வினைக்கு ஓர் அட்டை, வினையடைக்கு (செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் சொல்) ஓர் அட்டை கொடுத்து நடிக்கவிடலாம் என்று முதற்பதிவில் எழுதியிருந்தேன். நடிப்பு சரி, எழுத்தில் பிழை வருகிறதே என்று கொழும்பு ஆசிரியர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள்.

சொல்லொழுங்குதான் காரணம். 'பாட்டை அழகாகப் பாடினாள்' என்பதில் வினையடை வினையோடு ஒட்டி நிற்கிறது. அந்தப் பழக்கத்தில் 'ஷீ சேங் பியூட்டிஃபுலி த சாங்' என்று எழுதிவிடுகிறார்கள். செயப்படுபொருளுக்கு (இங்கே 'த சாங்') வேறு நிறத்தில் மூன்றாவது அட்டை சேருங்கள். வினைக்கும் அதற்கும் நடுவே எதுவும் நுழையக்கூடாது. அழகாக, மெதுவாக போன்றவை கடைசியில்: 'ஷீ சேங் த சாங் பியூட்டிஃபுலி.'

சொல்லின் கடைசியில் 'லி' (-ly) சேர்த்து வினையடை ஆக்குவதை முதல் நாளே விதியாக்க வேண்டாம். ஆக்கினால் 'ஃபாஸ்ட்லி' வந்தே தீரும். 'ஹார்ட்லி' இன்னும் மோசம், 'அரிதாகவே' என்று பொருள் மாறிவிடும். 'லி' இல்லாமலே வினையடையாக வரும் ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டையும் சுவரில் தனியாக ஒட்டிவிடுங்கள்.