கடிகாரத்தை எடுத்துவிட்டால் முறுக்கு விற்காதா?

ஈசூன் முறுக்கக்கா:
ஆறு ஆண்டுகளாகச் சிங்கப்பூர் ஈசூனில், வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறேன். ஆர்டரெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மகன் பேச்சைக் கேட்டு, இணைய விளம்பரம் செய்பவர் ஒருவரிடம் 600 வெள்ளி கொடுத்து ஒரு பக்கம் போட்டேன்.

திறந்தவுடன் சிவப்பில் ஒரு கடிகாரம்: "சலுகை முடிய 14 நிமிடம் 59 வினாடி." அதன் கீழே, "இப்போது 23 பேர் பார்க்கிறார்கள்." முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு மாவுக் கையோடு எட்டிப் பார்த்தால் அப்போதும் 19 பேர்! அந்நேரத்தில் யார் என் முறுக்கைப் பார்க்கிறார்கள்? டப்பா என்றைக்கும் 12 வெள்ளிதான். பக்கத்தில் 20 வெள்ளியைக் கோடு போட்டு அடித்து, 12 என்று எழுதியிருக்கிறது. தெம்பனிசிலிருந்து யாரோ "அதிரசம் வாயில் கரைந்தது" என்று பாராட்டியிருக்கிறார். இந்த ஆண்டு அதிரசத்துக்கு நான் இன்னும் பாகே காய்ச்சவில்லை.

நேற்று எதிர் புளோக் பாட்டி பதறிக்கொண்டு கூப்பிட்டார். "அம்மாடி, மணி ஓடிக்கொண்டே இருக்கிறது, பேரன் பள்ளியிலிருந்து வரவில்லை, எனக்கு அழுத்தத் தெரியவில்லை. இரண்டு டப்பா எடுத்து வைத்துவிடு." முதல் ஆண்டிலிருந்து என்னிடம் வாங்குகிறவர். எனக்குச் சுருக்கென்றது.

விளம்பரக்காரரைக் கேட்டால், "இது பொய் இல்லை அக்கா, உத்தி" என்கிறார். வாரத்துக்கு 26 ஆக இருந்த ஆர்டர் 41 ஆகியிருப்பதும் உண்மை. என்ன செய்யலாம்?

பழைய நிரலாளர்:
இந்தக் கடிகாரத்தை நானே பல கடைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது எந்தச் சலுகையையும் எண்ணுவதில்லை. வேறொரு கைப்பேசியில் திறந்து பாருங்கள், மறுபடி 15 நிமிடத்திலிருந்து தொடங்கும். அந்த 23 பேர் என்பது, 11க்கும் 29க்கும் நடுவே ஏதோ ஓர் எண்ணை எடுத்துப் போடச் சொல்லும் ஒரே ஒரு வரி. இப்படி ஆளை ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு 2010இல் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் பெயரே வைத்துவிட்டார்: டார்க் பேட்டர்ன்ஸ்.

தேக்கா துணிக்கடை:
தீபாவளிச் சந்தையில் "இன்றே கடைசி" என்று ஒரு மாதம் கூவுகிறோம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வியாபாரம் என்றால் கொஞ்சம் சத்தம் இருக்கும். 41 ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் அழுகிறீர்கள்?

கணக்கர்:
அண்ணே, நீங்கள் கூவும்போது முகத்தைப் பார்த்தே சிரித்துவிட்டு நகரலாம். பாட்டி ஒரு கடிகாரத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பார்?

அக்கா, நம் ஊரில் 2003ஆம் ஆண்டே பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. தள்ளுபடி இன்ன காலத்துக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு, அது வெகுநாள் நீளும் என்று தெரிந்தே விற்பது, இல்லாத விலைக்குறைப்பைக் காட்டுவது இரண்டையும் நியாயமற்ற செயல் என்று அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பொய்த் தள்ளுபடி விலையைப் பற்றியும் சொல்லும் வழிகாட்டி ஒன்று 2020 நவம்பரிலிருந்து இருக்கிறது. பக்கத்தின் மேல் விளம்பரக்காரர் பெயரா இருக்கிறது? உங்கள் பெயரல்லவா? முதலில் அந்த அதிரசப் பாராட்டை எடுங்கள். கடிகாரத்தையாவது உத்தி என்று சொல்லி மழுப்பலாம், இல்லாத ஆள் தின்றார் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஈசூன் முறுக்கக்கா:
எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுப்பதற்கும் 80 வெள்ளி கேட்டார், கொடுத்தேன். அந்த இடத்தில் "ஒரு நாளைக்கு எட்டு டப்பாதான், என் கை அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை. இந்த வாரம் 33 ஆர்டர். துணிக்கடை அண்ணன் சிரிக்க வேண்டாம்.

இன்று காலை பாட்டி மறுபடி கூப்பிட்டார். "கடிகாரத்தைக் காணவில்லையே, எல்லாம் விற்றுப் போய்விட்டதா?"