அரசவைப் பாடகர்கள் ஊர் ஊராகச் சென்றது பாடுவதற்கு மட்டும்தானா?

கேள்வி: 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அரண்மனைதோறும் சென்ற பாடகர்களுக்கு வேறு பணிகளும் இருந்தனவா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: இருந்தன. பிஸ்தோயா நகரில் 1626இல் தேவாலய மணியடிப்பவரின் மகனாகப் பிறந்து, குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே ஆண்மை நீக்கப்பட்ட அத்தோ மெலானி, பிரான்சின் தலைமை அமைச்சர் கர்தினால் மசாரினின் அழைப்பில் பாரிஸ் சென்று, 1647இல் லூயிஜி ரோஸ்ஸியின் 'ஓர்ஃபெயோ' இசைநாடகத்தில் நாயகனாகப் பாடினார். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தாயான அரசி ஆன் அவரை இரவில் மணிக்கணக்கில் பாடவைத்துக் கேட்டார்.

பதில் 2: அந்த நெருக்கமே மெலானியைத் தூதராக்கியது. 1657இல் மசாரின் அவரை ஜெர்மானிய நாடான பவேரியாவுக்கு அனுப்பியது, அந்நாட்டு ஆட்சியாளரைப் புனித ரோமானியப் பேரரசர் பதவிக்குப் போட்டியிடச் சம்மதிக்க வைப்பதற்காக. தூதர்கள் வாசலில் காத்திருக்க, பாடகர் உள்ளறைக்கே சென்றுவிட முடிந்தது. எனக்கு இது பெரும் வியப்பு.

பதில் 3: ஆனால் புரவலர் சாய்ந்தால் பிழைப்பும் போயிற்று. 1661இல் மசாரின் இறந்து, நிதிப் பொறுப்பாளர் ஃபூக்கே கைதானதும், மெலானி பிரான்சை விட்டு வெளியேற்றப்பட்டார்.