ஒரே இன உடும்புகளுக்குள் இத்தனை அளவு வேறுபாடு ஏன்?

கேள்வி (ஆயர் ஈத்தாம்):
வணக்கம். பினாங்குத் தாவரவியல் பூங்காவின் ஓடைக்கரையில், ஒரு சாணுக்குச் சற்று மேலான, மஞ்சள் புள்ளிகள் மின்னும் உடும்புக் குட்டி ஒன்றையும், பத்தடி தள்ளி, என் உயரத்தையும் மிஞ்சிய கருத்த நீர் உடும்பு ஒன்றையும் பார்த்தேன். இரண்டும் ஒரே இனமா? ஒரே கரையில் இரண்டுக்கும் இரை எப்படிப் போதுகிறது?

பதில் (பட்டர்வொர்த்):
ஒரே இனந்தான் ஐயா. குட்டி பெரும்பாலும் மரத்தில் தங்கிப் பூச்சிகளைப் பிடிக்கும். வளர்ந்தது மீன், நண்டு, எலி, அழுகிய இறைச்சி வரை தின்னும், சமயத்தில் தன்னினக் குட்டியையும் விழுங்கிவிடும். ஆகவே உடலளவு மாற மாற, ஒரே இனம் சூழலில் வெவ்வேறு இடங்களை நிரப்புகிறது. இனத்துக்கு ஒரு சராசரி எடையை மட்டும் எழுதிவைக்கும் பட்டியல்கள் இதை மறைத்துவிடுகின்றன என்பது என் வருத்தம்.

பதில் (கோலாலம்பூர்):
இனங்களுக்கிடையே பார்த்தால், பாலூட்டிகளையும் பறவைகளையும் ஒப்பிட்டு உயிரியல் அறிஞர் மேக்ஸ் கிளைபர் 1932இல் கண்ட விதி உதவும்: எடை 16 மடங்கானால் ஆற்றல் தேவை ஏறக்குறைய 8 மடங்கே ஆகிறது. எனினும் ஒரு யானைக்கு வேண்டிய மொத்த உணவு மிகுதி என்பதால், தாமான் நெகாரா போன்ற காட்டில் சருகுமான்களைவிட யானைகள் மிகக் குறைவாகவே வாழ முடிகிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அடுத்த முறை மரக்கிளைகளையும் அண்ணாந்து பார்ப்பேன்.